எல்லாம் பச்சையாக இருக்கும்போது

என் அவசரக்குடுக்கை மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். அதை நீ உன் போனிலேயே பார்த்துக்கொள்கிறாய், அதனால் இந்த வரி தண்டம். இருந்தாலும் கடிதம் என்றால் எழுதத்தானே வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

நீ அனுப்பிய பெட்டியிலிருந்த சாமான்களை அம்மாவே மாட்டினாள் என்று எல்லோரிடமும் பெருமையடிக்கிறாயாம். சந்தோஷம். பக்கத்து வீட்டுத் தையல்காரி, "எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுக்கா, எதையாவது தொட்டுத் தொலைக்கப்போற" என்றாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வயர் சொருகி ஊரையே பேசவைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? திருப்புளியைக் கையில் எடுத்தேன். ஆள் அசைவதைப் பார்க்கிற நான்கு சென்சார், ஆறு பல்பு, மோட்டாருக்கு ஒரு சுவிட்ச், ஒரு குட்டிப் பெட்டி, மூன்று நாள் வேலை. முதல் நாள், கூடத்து விளக்கை அணை என்றால் தண்ணீர் மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பி மாடிப்படியெல்லாம் வெள்ளம். அதை உன்னிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு சென்சாருக்கும் பெயர் வைக்கச் சொன்னது அந்தக் குட்டிப் பெட்டி. வாசல், கூடம், சமையல் என்று வைத்தேன். ஜன்னலோரம் இருப்பதற்கு 'அப்பா நாற்காலி' என்று அடித்தேன். நீளம் அதிகம் என்று அதுவே பாதியை வெட்டிவிட்டது, 'அப்பா' மட்டும் மிஞ்சியது. பகலில் வீட்டில் இரண்டு மணி நேரம் எங்கும் அசைவில்லை என்றால், கடைசியாக ஆளைப் பார்த்த சென்சாரின் பெயரோடு உனக்குச் செய்தி வரவேண்டும் என்று நீதான் அமைத்தாய். அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன நாளிலிருந்து, யார் அசையாமல் இருந்தாலும் நீ பயந்துவிடுவாய். எனக்குத் தெரியாதா?

நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால், ஆள் இல்லை என்று முடிவுகட்டி விளக்கை அணைத்துவிடுகிறது. கையைத் தூக்கி ஆட்டி, "இருக்கேன், இருக்கேன், எங்கேயும் போகல" என்கிறேன். சில நாள் என் வாயிலிருந்து வருகிற பேச்சே அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாய். இதை மாட்டிய பிறகு அது நின்றுபோனது. ஒருமுறை கேட்டதற்கு, "அதான் எல்லாம் பச்சையா இருக்கேம்மா" என்றாய். உன் திரையில் வீடு பச்சையாக இருந்தால் அம்மா சௌக்கியம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மதியம் அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். போன் மணி கேட்டு எழுந்தால், மறுமுனையில் நீ அழுகிறாய். "அப்பா: அசைவு இல்லை" என்று வந்ததாம். "இருக்கேன்டி, இருக்கேன்" என்றேன். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். உன் முட்டி வலி, உன் மேலதிகாரியின் சிடுசிடுப்பு, நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது எல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த இரண்டு முறையும் நான் தூங்கவில்லை. வேண்டுமென்றே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது, கால் மரத்துப்போனது, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை நீ கூப்பிட்டதும் "தூங்கிட்டேன்டி" என்று கூசாமல் புளுகினேன். மறுதடவை நீ ஏதோ கூட்டத்தில் இருந்ததால் தையல்காரிக்குச் சொல்லிவிட்டாய். அவள் வெட்டிக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வாசற்படி தடுக்கி, கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "பாவி அக்கா, எனக்கு உசுரே போயிடுச்சு" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தினமும் அவள் காலுக்கு நான்தான் தைலம் தேய்த்துவிடுகிறேன்.

சென்சார் கெட்டுவிட்டது, புதிது அனுப்புகிறேன் என்றாய். அனுப்பாதே. அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அப்பா பெயரை வைத்து உன்னை அழவைத்தது என் தப்பு, பெரிய தப்பு. இனிமேல் செய்யமாட்டேன். பெயரையும் 'ஜன்னல்' என்று மாற்றிவிட்டேன்.

எங்கள் தொலைபேசி நிலையத்து இணைப்புப் பலகையில், யாராவது பேச வேண்டும் என்று ரிசீவரை எடுத்தாலே ஒரு சின்ன விளக்கு எரியும். அதைப் பார்த்துத்தான் வயரைச் சொருகுவோம். நீ அனுப்பிய சாமான்களில் அந்த விளக்கைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு, என் தாயே. எல்லாம் பச்சையாக இருக்கிற ஒரு நாளில் என்னைக் கூப்பிடு.

இப்படிக்கு,
அசைந்துகொண்டேயிருக்கும்
உன் அம்மா