இடது கைக் கையெழுத்து

1946 நவம்பர் 12, செவ்வாய். ராயபுரம்.

இன்று ஊனப் பென்ஷனுக்கான மருத்துவப் பரிசோதனை. பர்மாச் சண்டையில் வலது கையின் நான்கு விரல்களைப் பறிகொடுத்தவனிடம் பரிசோதிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாரத்தை நீட்டினார். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, முத்து முத்தா இருக்கே! எங்கே கத்துக்கிட்டே?"

ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் சிலேட்டில் எழுதிப் பழகியதைப் பெருமையாகச் சொன்னேன். நானும் ஒரு முட்டாள்.

"அப்போ குமாஸ்தா வேலை பார்க்கலாமே" என்று சொல்லி, பென்ஷனைப் பாதியாகக் குறைக்க எழுதிவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். ஆறாங் கிளாஸ் படித்தவனுக்கு எந்த ஆபீஸில் நாற்காலி போடுவார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் என் பெண்டாட்டி செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கைநாட்டு வச்சிட்டு வர்றதுக்கு இன்னாய்யா? உன் எழுத்த யாரு கேட்டா?"

மேல்முறையீடு செய்யலாமாம். மனு எழுத உட்கார்ந்தேன்.

"கோணலா எய்து. அப்பத்தான் நம்புவான்" என்றாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். எழுதிப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவது தாளில் எனக்கு வந்தபடியே எழுதிவிட்டேன். அழுது அழுது பழகிய எழுத்து இது. இதைக் கெடுத்துத்தான் பென்ஷன் வாங்க வேண்டுமா?

மனுவை உறையில் போட்டு ஒட்டியாயிற்று. செல்லம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.