ஒன்பது என்று எழுதினேன்

அக்கா,

ஈர ரப்பர் செருப்பின் வாடை வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மூன்று நாளாக விடாத மழை. மூன்று நாளாக நான் அடுக்களையில்கூடச் செருப்பைக் கழற்றவில்லை. இத்தலாரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு, அதற்கு மேலே கேரட் தோட்டம். நேற்று நூல் மாதிரி இருந்த சுவர் விரிசலில் இன்று தீக்குச்சி நுழைகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு மழைக்காலத்தில் நாம் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனோம். ஆபத்தான காரியத்தில் இறங்க உங்களுக்கு எவ்வளவு துணிச்சல்? துளியும் இல்லை என்றால் பூஜ்யம், எதற்கும் தயார் என்றால் பத்து. ஏதோ கல்லூரிக்காரர்கள் கொடுத்தனுப்பிய கேள்வி. நான் கேட்டு எழுத, நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நீங்கள் வழி காட்ட வந்தீர்கள். மற்ற இடங்களில் மூன்று, நான்கு என்றார்கள். தொழிலாளர் குடியிருப்பான உங்கள் லைனில் மட்டும் எல்லா வீட்டிலும் எட்டு, ஒன்பது. காட்டுமாட்டைக் கண்டால் தேயிலைக்குள் ஒளியும் பெரியவர்கூட மார்பை நிமிர்த்திப் பத்து என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் தங்கச்சி," என்றீர்கள், தேநீர் ஊற்றியபடி. "பயம்னு எழுதிக் குடுத்தா, ஆபத்தான எடம்னு லைனையே காலி பண்ணிருவாங்க. எங்கப்பாவைச் சிலோன்ல இப்படிப் பேர் எழுதித்தான் கப்பல் ஏத்துனாங்க. இன்னொரு தரம் எங்க போறது?"

"இது அதுக்கில்லீங்க அக்கா. சும்மா படிப்புக்குக் கேக்கறாங்க."

"எனக்கு ஒம்போது போடு."

பேனாவை எடுத்தபோதுதான் உங்கள் காலைப் பார்த்தேன். சாமி படம் மாட்டிய அடுப்படியில் செருப்போடு நின்றிருந்தீர்கள். நான் பார்ப்பதைக் கவனித்து, "மழை விடுற வரைக்கும் கழட்டறதில்ல. மண்ணு சத்தம் கேட்டா ஓடணும்ல," என்றீர்கள், சாதாரணமாக. பின்பக்கம் மேட்டிலிருந்து தண்ணீர் சேறாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்பது என்று எழுதினேன். தேநீரைக் குடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த வருட மழையில், ஒரு மத்தியானம் அந்த மேடு சரிந்தது. மற்றவர்கள் தோட்டத்தில் இருந்தார்கள். காய்ச்சலுக்கு லீவு போட்ட நீங்கள் மட்டும் அடுப்படியில். மண்ணைத் தோண்டி உங்கள் உடலை எடுத்தபோது செருப்பு காலிலேயே இருந்ததாகச் சொன்னார்கள். நான் எழுதிய எண்ணால் மண் சரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பயத்தைக் கண்ணால் பார்த்திருந்தேன். யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று காலை ஒரு பெண் டேப்லெட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். மண்சரிவுப் பகுதி வீடுகளில் கணக்கெடுப்பாம். கிட்டத்தட்ட அதே கேள்வி. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "எங்களுக்கென்னங்க பயம்? ரெண்டு பேருக்கும் எட்டு போட்டுக்கங்க," என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க," என்று முணுமுணுத்தார்.

அவள் விரல் எட்டின் மேல் போனது. அப்போது அவள் கண் என் காலுக்கு வந்தது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. அன்று நான் கேட்காத மாதிரியே.

"ஏனுங்க, எட்டு அவரோடதுங்க," என்றேன். "எனக்குப் பூஜ்யம் போடுங்க. உள்ள வந்து இந்தச் செவுத்தையும் ஒருக்கா பாருங்க."

அவர் என்னை முறைத்தார். அந்தப் பெண் சரி என்று தலையாட்டி, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"கழட்டாதீங்க," என்றேன். "போட்டுக்கிட்டே வாங்க."