டிலானியின் தண்ணீர்ப் போத்தல்

வியாழக்கிழமை, இரவு.

டிலானியைப் பெற்று எனக்குத் தத்துக் கொடுத்த வசந்தி இன்று வெருகலிலிருந்து வந்தாள். பிள்ளைக்கு அவளுடைய சிறுநீரகம் சரிவருமா என்று நாளை இரத்தம் சோதிக்கிறார்கள். என்னுடையது பொருந்தாது என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள்.

நான் தேநீர் போட்டுக்கொண்டு குசினியிலிருந்து திரும்பினால், டிலானியின் போத்தல் வசந்தியின் கையில். ஒரு நாள் முழுவதற்கும் டொக்டர் சொன்ன அளவுக்கு நான் காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர்; அதற்கு மேல் பிள்ளை ஒரு மிடறும் குடிக்கக் கூடாது. வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பஸ்ஸில சரியான வெக்கை அக்கா. பிள்ளை தர, இப்பதான் உயிர் வந்தது."

பாவம், அவளுக்குத் தெரியாது. நான் வாய் திறக்கமுதல் டிலானி என் காதுக்குள் சொன்னாள்: "சொல்லாதேங்கோ அம்மா. அவ கவலைப்படுவா."

ஆறு வருடமாக அந்தப் போத்தலை நிரப்புகிறவள் நான். பிள்ளை தாகத்தில் அழுத நாட்களில் நானும் குடிக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு ஒரு மிடறு நீட்டியதில்லை.

வசந்தி தமக்கை வீட்டுக்குப் போன பிறகு, அவள் குடித்த அளவை டிலானிக்குத் திரும்ப அளந்து ஊற்றிக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டும் விட்டேன். "எனக்கும் ஒரு மிடறு தாவன்."

சிரித்தாள். "உங்களுக்குக் குசினியில குடம் நிறையக் கிடக்குதுதானே அம்மா."

ஓம், கிடக்கிறது.

வசந்தியின் இரத்தம் பொருந்த வேண்டும் என்று செபிக்கத்தான் முழங்காலில் நின்றேன். வாயில் வேறு ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் எழும்பிவிட்டேன்.