மூன்றாம் முறை எழுந்த சுவர்

அன்புள்ள அக்கா,

கோயில் திருப்பணிக்காக இன்று சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். அந்தக் காரநெடி தெருமுனை வரைக்கும் வந்தது. உடனே உங்கள் ஞாபகம்தான். நம் காஜா பேராங் ஊரில் நாம் இரண்டு பெண்கள் சேர்ந்து வீட்டுச் சுவர் எழுப்பினோம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன.

ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்திருந்த காலம் அது. உங்கள் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குண்டு அதிர்ச்சியில் விரிசல் கண்டிருந்த உங்கள் முன்பக்க மண்சுவர், மழையில் கரைந்து விழுந்தது. புக்கிட் ரம்பாயிலிருந்து உங்கள் கொழுந்தன் வந்து நின்றார்.

“செவுரு இல்லாத வீட்டுல பொம்பள தனியா இருக்கறதா? தீபாவளிக்கு வண்டியோட வர்றேன். சாமானக் கட்டி வைங்க அண்ணி.”

“அவரு வந்தா நேரா இங்கதான் வருவாரு தம்பி. நான் இல்லாட்டி எங்க போயி நிப்பாரு?” என்றீர்கள். அன்றைக்கே பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டு, தீபாவளிக்குள் சுவர் எழுந்தாக வேண்டும் என்றீர்கள்.

சிமெண்டு கண்ணில் காணக் கிடைக்காது. ஜாலான் பெண்டஹாராவில் குண்டு விழுந்து இடிந்த துணிக்கடையின் முதலாளி பாய், “மழையில கெடக்குற கல்லுதானம்மா, அள்ளிக்கிட்டுப் போங்க” என்றார். கூடையில் சுமந்து வந்து, வெட்டுக்கத்தியால் பழைய காரையைச் சுரண்டி எடுத்தோம். தேங்காய் மட்டையை மூட்டி, சுண்ணாம்புக்காகச் சிப்பி சுட்டீர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“வெத்தலைக்குச் சுடத் தெரியும்ல? செவரும் பெரிய வெத்தலதான்லா.”

உஜோங் பாசிர் உங்கள் பிறந்த ஊர். அந்த மணல்தான் வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். கடல் மணலை அப்படியே கலந்து இடுப்புயரம் எழுப்பினோம். சுவர் வியர்த்து, உப்புப் பூத்து, காரை உதிர ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்தில் உங்கள் ஊரையே சேர்த்து ஏசினேன். நீங்கள் ஒரு கல்லைத் தட்டினீர்கள். முழுசாகக் கழன்று கைக்கு வந்தது.

“சிமெண்டா இருந்தா கல்லும் ஒடஞ்சிருக்கும். இது சுண்ணாம்புடி. இன்னொரு தடவ கட்டுவோம்.”

மணலைக் கிணற்றடியில் அலசி அலசி, நாக்கில் வைத்து உப்பு விட்டதைப் பார்த்த பிறகே கலந்தோம். பாயின் கடையில் ஒரு முறை, நம் உப்புச் சுவரில் ஒரு முறை, இப்போது மூன்றாம் முறை அதே கல் ஏறியது. நம் விரல் நுனியெல்லாம் வெந்து போயிருந்தது.

தீபாவளியன்று கொழுந்தன் மாட்டுவண்டியோடு வந்தார். சுவரைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். அது அசைந்தால்தானே! மரவள்ளிக்கிழங்கு அடையைத் தின்றுவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

ஜப்பான்காரன் போன பிறகு, ஒரு மத்தியானம் உங்கள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக, அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு வாங்கினார். நீங்கள் வாசலிலேயே அழுதுவிட்டீர்கள். அவர் கல்லைத் தடவிப் பார்த்து, “எந்த டுக்காங் கட்டுனது?” என்று கொத்தனாரை விசாரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தீர்கள்.

“இவளும் நானும்.”

என்னை முதலில் சொன்னீர்கள், அக்கா. அந்தப் பெருமையோடுதான் இன்னும் இந்தத் தெருவில் நடக்கிறேன்.