கிரேன் சைகையில் வளரும் மில்கி

அன்பு மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குவைத் வெயிலில் தண்ணீர் நிறையக் குடித்து, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். உன் நாய்க்குட்டி மில்கியும் சுகம், இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. எதிர்வீட்டு லோகு லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான், அவனிடம் நெத்திலிக் கருவாடும் பருப்புப்பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நாலு சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. விஷயம் இதுதான். உன் சிநேகிதன் அந்தோணி வேன் எடுத்துவந்து மில்கியைச் சென்னையில் இருக்கும் நாய்க் காப்பகத்தில் விடுவதாக ஏற்பாடு செய்திருக்கிறாயே, அது வேண்டாம். அவன் வந்தால் டீ கொடுத்து அனுப்புவேன், நாயைக் கொடுத்து அனுப்ப மாட்டேன்.

போன லீவில் நீ புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் இருந்து அதைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்தபோது நான் எவ்வளவு கத்தினேன் என்று உனக்கே தெரியும். நீ விமானம் ஏறினாய், அது என் தலையில் விழுந்தது. கூப்பிட்டால் வராது, தட்டைத் தட்டினாலும் திரும்பாது, இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு திமிரா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நம் தெருவில்தான் நாயோடு யாரும் தமிழில் பேசுவதில்லையே, பெற்ற பிள்ளையை வாடா போடா என்பவர்கள் நாயிடம் மட்டும் கம், சிட், கோ என்பார்கள். நாங்களும் இங்கிலீஷில் கத்திப் பார்த்தோம். அது கேட்காததும் நம் இங்கிலீஷில்தான் கோளாறு என்று முடிவு செய்து, லோகுவின் பெண்டாட்டி மேரி ஒரு கான்வென்ட்டில் டீச்சர் அல்லவா, அவளைக் கூட்டிவந்து நல்ல உச்சரிப்பில் சொல்லச் சொன்னோம். அவளும் பாவம், வகுப்பெடுப்பதுபோல் நின்று சிட், சிட் என்று சொல்லிப் பார்த்தாள், மில்கி அவள் செருப்பைக் கடித்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பொன்னேரி மாட்டு டாக்டர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, இதற்குப் பிறவியிலேயே காது கேட்காது, வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்கு இப்படி இருக்கும் என்று சொன்ன அன்று சிரிப்பு வரவில்லை. நீயும் போனில் அழுதாய். ஹைவே ஓரத்து வீடும்மா, லாரி வந்தா அதுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான், எனக்கும் அதே பயம்தான்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்து, "எங்க மில்லுல மட்டும் யாருக்கு காது கேக்குது ஞானம், கையாலதான பேசிக்கினு கீறோம்" என்றார். கிரேனுக்குச் சைகை காட்டுவதுதானே அவர் வேலை. அந்த ரோலிங் மில் சத்தத்தில் மேலே கேபினில் இருப்பவன் அப்பாவின் கையை மட்டும் பார்த்துத்தான் இரும்பைத் தூக்குவான், இறக்குவான். அதே சைகையை மில்கிக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் எழுந்திருக்க வேண்டும், கீழே நீட்டிச் சுற்றினால் உட்கார வேண்டும், கையைத் தன் பக்கம் அசைத்தால் வர வேண்டும், இரண்டு கையையும் அகல விரித்துவிட்டால் எது எப்படிப் போனாலும் இருந்த இடத்தில் நிற்க வேண்டும். சரியாகச் செய்தால் அவித்த ஈரலில் ஒரு துணுக்கு, தப்பாகச் செய்தால் திட்டு கிடையாது, ஈரலும் கிடையாது. எனக்கு என்றைக்காவது இவ்வளவு பொறுமையாக எதையாவது சொல்லிக்கொடுத்திருப்பாரா, கேட்டுப் பார். எல்லாவற்றுக்கும் முன்னால் முகத்தைப் பார்க்கப் பழக்கினார். "கிரேன்காரன் என் மேலேர்ந்து கண்ண எடுத்தான்னா கீழ எவன் காலாவது போச்சு" என்பார். வாரில் கட்டிக்கொண்டு நடக்கும்போது அது தானாகத் திரும்பி அவரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஈரல்தான். நானும் என் பங்குக்குக் கற்றுக்கொண்டேன். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும், அதனால் தொடாமல் மூக்கின் முன்னால் கையை நீட்டினால் வாசனை பிடித்துத் தானே எழுந்துகொள்ளும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தரையில் காலை ஓங்கி மிதித்தால் போதும், அதிர்வு தெரிந்து திரும்பிவிடும். அப்பாவின் ஷூவைக் கடிக்காமலிருக்கத் தேங்காய் மட்டை போட்டேன், இப்போது வீடெல்லாம் நார். ஊசிகளெல்லாம் தவறாமல் போட்டாயிற்று. கழுத்துப்பட்டையில் காது கேட்காது என்று எழுதி நம் போன் நம்பரையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற வித்தைதானே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரை. கோயிலுக்குப் போய்வந்து நான் இஞ்சி இடித்துக்கொண்டிருந்தேன், அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கறிக்கடைக்குப் போயிருந்தார். தண்ணீர் கேன் போடுகிற சுப்பராயன் கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். அப்பா கையில் ஈரல் பையோடு திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு இது ஒரே ஓட்டமாக அவரிடம் ஓடியது. தேர்வாய் கண்டிகைக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் அடித்த ஹாரனில் தெருவே நடுங்கியது, இது மட்டும் திரும்பவில்லை. காது கேட்காது என்று தெரிந்தும் நான் கேட்டில் நின்று மில்கி, மில்கி என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா கத்தவில்லை. தன் பக்கம் ஆசையாக ஓடிவருகிற பிள்ளையைப் பார்த்து இரண்டு கையையும் அகல விரித்தார், ஈரல் பை ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ரோட்டு ஓரத்திலேயே அப்படியே நின்றது மோனிகா. வாலைக்கூட ஆட்டவில்லை. லாரி அதன் மூக்குக்கு முன்னால் கடந்து போனது, அடித்த காற்றில் அதன் ரோமமெல்லாம் படிந்தது. அப்பா விரலைக் கீழே காட்டினார், உட்கார்ந்தது. அவர் ரோட்டைக் கடந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி ஓடிவந்து, "இன்னா சார், சர்க்கஸ் நாயா" என்றான். அப்பா, "சர்க்கஸு இல்ல நைனா, மில்லு" என்றார். வாய்தான் அப்படிப் பேசியது, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை, மில்கி அவர் கையை நக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் தாங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பாய், சொல்லிக்கொள். கேட்டுக்கு இப்போது ஸ்பிரிங் கொண்டி போட்டாயிற்று, சுப்பராயனே வந்து போட்டுக்கொடுத்தான். மில்லில் அப்பாவோடு வேலை செய்பவர்கள் டீ குடிக்கிற சாக்கில் வந்து ஆளுக்கொரு சைகை காட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அது அப்பாவைப் பார்த்து அவர் தலையசைத்தால்தான் செய்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வீடியோ காலில் நீ மில்கி மில்கி என்று கூப்பிட்டு, அது திரும்பாததைப் பார்த்து என்னை மறந்துவிட்டது என்றாயே, அதை அப்பா மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உனக்கும் ஒரு சைகை வைத்திருக்கிறார். நீ ஆஸ்பத்திரியில் நாடி பார்ப்பாயே, அதுபோல் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் காட்டி, உன் பழைய சுடிதாரை முகரவைத்துப் பழக்கினார். இப்போது அவர் மணிக்கட்டில் விரலை வைத்தால் போதும், மில்கி எழுந்து உன் வாசனையைத் தேடி நேராக உன் அறைக்குப் போய் உன் கட்டிலின் கீழே படுத்துக்கொள்கிறது. நீ யார் என்று அதற்குத் தெரியும் கண்ணு. அந்தோணிக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடு. இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்க்காதே, தலைக்கு எண்ணெய் வை, ஜெபம் பண்ணாமல் படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கேட்டில் நின்று எங்களை வாய்விட்டுக் கூப்பிடு, மில்கிக்கு மணிக்கட்டில் விரலை வைத்துக் காட்டு. நாங்கள் கதவைத் திறப்பதற்குள் அது உன்னிடம் வந்திருக்கும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
ஞானம்மா மோசஸ்