மஞ்சள் டேப் சுற்றிய வயர்

சேசு மரி சூசை துணை

சின்னமனூர்
10 செப்டம்பர் 2025, புதன்கிழமை

அன்புள்ள மகன் ஆல்பர்ட்டுக்கு அப்பா பங்கிராஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகள் ஜெபராணியும் நாலு மாதக் கைக்குழந்தையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்கும்படி காலையிலும் இரவிலும் மன்றாடிக்கொள்கிறோம். அப்பா கடிதம் எழுதுகிறாரே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டு ஏஞ்சல் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பேத்திக்குப் பேர் சொல்லுங்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் மே மாதத்திலிருந்து கேட்கிறீர்கள், நான் பதில் சொல்லவில்லை, அதனால் பிள்ளை ஞானஸ்நானம்கூட ஆகாமல் வெறும் பாப்பாவாகவே இருக்கிறது. அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டது என் காதில் விழவே இல்லை. ஏழு மாதமாக என் காது மிஷின் வேலை செய்யவில்லை, அதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

ஜெபராணி மாசமாக இருந்ததால் ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவுக்கு நீ மட்டும் வந்தாய் அல்லவா. வந்த மறுநாளே வீட்டில் உள்ள சார்ஜர் வயரை எல்லாம் நடுவீட்டில் குவித்தாய். பட்டை முனை, சின்ன முனை, ஊசி முனை என்று எனக்கே தெரியாமல் அத்தனை சேர்ந்திருந்தது. ஐரோப்பாவில் சட்டமே போட்டுவிட்டார்கள் அப்பா, போன், கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் இனி ஒரே முனைதான், அடுத்த வருஷம் லேப்டாப்புக்கும் அதே முனைதான் என்று சொன்னாய். அம்மாவின் பழைய போனை மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள வெள்ளை வயரும் அதற்குத் தோதான புது சார்ஜரும் கொடுத்தாய். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன். மோட்டாரில் கம்பெனிக்கு ஒரு சைஸ் பேரிங் வைத்து எங்கள் உயிரை வாங்குகிறார்கள், அதற்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எவ்வளவு நிம்மதி என்றுகூடச் சொன்னேன். பழைய வயரை எல்லாம் அம்மா ஒரு அரிசிப் பையில் கட்டினாள். குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. சப்பரம் இறங்கிய மறுநாள் கோயிலில் காணிக்கை ஏலம் விடும்போது சேவலுக்கும் தேங்காய்க்கும் திராட்சைக் கூடைக்கும் நடுவில் கொண்டுபோய் இந்தப் பையையும் வைத்துவிட்டாள். சனம் பூராவும் சிரித்தது. பங்குச் சாமியே வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். கேட்பாரில்லாமல் இருந்த பையைத் திருவிழா பார்க்க இறங்கி வந்த மேகமலை மலைச்சாமிதான் கடைசியில் எடுத்தான். எஸ்டேட்டில் வேலை செய்கிறானே, நான் மோட்டார் மாட்டப் போகும்போதெல்லாம் கூட நின்று பிடிப்பானே, அவன்தான்.

நீ கிளம்பிப்போன இரண்டு வாரத்தில், நீ போன வருஷம் எனக்கு வாங்கித் தந்த காது மிஷினில் மிச்சமிருந்த சார்ஜ் தீர்ந்தது, மறுபடி ஏறவில்லை. அது இருக்கும் சின்னப் பொட்டியின் ஓட்டையும் உன் வெள்ளை வயரின் முனையும் அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது, ஆனால் விளக்கு எரியவில்லை. உன் அப்பன் நாற்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவன் அல்லவா, சும்மா விடுவேனா. அதே சார்ஜரில் அதே வயரில் அம்மா போனைச் சொருகிப் பார்த்தேன், உடனே ஏறியது. லைன் நன்றாக இருக்கிறது, லோடுதான், அதாவது மிஷின்தான், செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மோட்டாரில் இந்தச் சோதனை ஒரு நாளும் பொய்த்ததில்லை. காயிலுக்கு வார்னிஷ் அடிக்கும்போதும் மிஷினைக் காதிலேயே போட்டுக்கொண்டு இருந்தோமே, உள்ளே இறங்கிக் கெட்டுவிட்டது, தப்பு என்னுடையது என்று நினைத்தேன். நீ ஆசையாக வாங்கித் தந்ததை ஒரு வருஷத்தில் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தேனிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா கண்ணில் படக்கூடாது என்று பொட்டியைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தேன்.

காது கேட்காமல் காலம் தள்ளுவது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒர்க்‌ஷாப் இரைச்சலில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. பேரிங் சத்தம் பார்க்க ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை மோட்டாரில் வைத்து மறு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வேன், அதிர்வு தெரிந்துவிடும். வீட்டில் அம்மா எது சொன்னாலும் தலையாட்டுவேன், கேள்வி போலத் தெரிந்தால் சரி, பார்ப்போம் என்பேன். அவள் சந்தேகப்படவே இல்லை, கல்யாணம் ஆனதிலிருந்தே நான் அப்படித்தான் என்கிறாள். நீ போன் செய்தால் நல்லா இருக்கியா சாமி, சாப்பிட்டியா, இந்தா அம்மாகிட்டப் பேசு என்று கொடுத்துவிடுவேன். பேத்தி பிறந்த பிறகு வீடியோவில் காட்டினீர்கள். ஜெபராணி என்னைப் பார்த்து ஏதோ சிரித்துக்கொண்டே கேட்டது தெரிந்தது, நானும் சிரித்துத் தலையாட்டினேன். அதுதான் பேர் கேட்டது என்று இப்போது தெரிகிறது. ஜூலையில் நீ போனில் என்னிடமே கேட்டாயாம், அதற்கும் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளை வாயைப் பெரிதாகத் திறக்கும், கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நம் வீட்டில் அழவே அழாத சமத்துப் பிள்ளை ஒன்று பிறந்திருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் நாலு பேரிடம் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை மேகமலையில் எஸ்டேட் தண்ணீர் மோட்டாருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி எரிந்துவிட்டது என்று ஜீப் அனுப்பியிருந்தார்கள். சின்னமனூரில் சொட்டு மழை இல்லை, மேலே ஒரே ஊற்று. வேலை முடிந்து தொப்பலாக நனைந்து மலைச்சாமியின் லயன் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும், வந்த நேரத்தில் அந்த வரிசை வீட்டுப் போன் எல்லாம் அவன் வீட்டுப் பலகையில்தான் சார்ஜ் ஏறும். ஆணியில் நம் அரிசிப் பை தொங்குகிறது. யார் எந்தப் போனைக் கொண்டுவந்தாலும் அதற்கேற்ற வயரை அதிலிருந்து எடுத்துச் சொருகுவாளாம் அவன் பெண்டாட்டி வேல்விழி. நான் சட்டையைக் காயப்போடும்போது பையில் இருந்த பொட்டியை எடுத்துக் கீழே வைத்தேன். அவள் என்னிடம் கேட்டிருப்பாள், நான் வழக்கம்போலத் தலையாட்டியிருப்பேன். திரும்பிப் பார்த்தால் பொட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. குனிந்து பார்த்தேன். ஒரு முனை பட்டையாக உள்ள பழைய வயர், கழுத்தில் மஞ்சள் டேப். அந்த இடத்தில் வயரின் மேலுறை விரிந்துபோனதென்று போன வருஷம் நான்தான் காயில் கட்டும் டேப்பை எடுத்துச் சுற்றினேன். அந்த மிஷினோடு கூடவே வந்த வயர் அது. ஒரு மணி நேரம் கழித்துக் காதில் மாட்டினேன். தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது, அதற்கு மேலே வேல்விழி மலைச்சாமியை, ஏழு நாளா ஒழுகுற கூரைய எப்பத்தான் பாக்கப் போற என்று வைதுகொண்டிருந்தாள். ஏழு மாதம் கழித்து முதலில் கேட்டது அடுத்த வீட்டுச் சண்டைதான். விஷயத்தைச் சொன்னதும் மலைச்சாமி, எடுத்துட்டுப் போங்கண்ணே, உங்க வீட்டு வயருதான, எங்களுக்கு இங்கன இன்னும் கிடக்கு என்று அதைச் சுருட்டிக் கொடுத்தான், கூடவே கொஞ்சம் ஏலக்காயும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டது தெரியாமலே போகட்டும், சரியானதை மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கமுக்கமாக இருந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டீர்கள். அம்மா அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள், நான் காப்பி டம்ளரைக் கழுவி வைக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். பொம்பளப் பிள்ளையாப் போச்சுன்னுதான் மாமா பேரு சொல்ல மாட்டேங்குறாக அத்தை, நாங்களே ஒண்ண வச்சுக்கிறோம், இனிமே அவுகளக் கேக்கல என்று ஜெபராணி அழுதுகொண்டே சொன்னது அப்படியே கேட்டது. அழாத ஆத்தா, அவுக அப்படி நினைக்கிற ஆளு இல்ல என்று அம்மா சொன்னாள், ஆனால் அவள் குரலிலும் உறுதி இல்லை. இத்தனை பேச்சுக்கும் பின்னால் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். என் பேத்தியின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான் ஆல்பர்ட். நீங்கள் போனை வைக்கும்வரை கையில் டம்ளரோடு வாசலிலேயே நின்று கேட்டேன்.

போனை வைத்த பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரைமணி நேரம் வைதாள். அதற்குப் பிறகு உட்கார்ந்துகொண்டு ஏழு மாதத்தில் நான் தலையாட்டிய கணக்கை ஒவ்வொன்றாக எடுத்தாள். பின்சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன், தலையாட்டினீக. திராட்சைப் பந்தல் கம்பி அறுந்துபோச்சுன்னேன், தலையாட்டினீக. முழங்கால் வலி தாங்கல, ஆஸ்பத்திரிக்குப் போவமான்னேன், பார்ப்போம்னீக. இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். நான் எதையும் பெரிதாக எடுக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு வலியோடே வேலை செய்திருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை தேனிக்கு அழைத்துப் போகிறேன், அதில் மாற்றமில்லை.

நேற்று இரண்டு பேரும் சின்னமனூர் பஜாரில் போன் ரிப்பேர் செய்யும் கடைக்குப் போய் இரண்டு வயரையும் பொட்டியையும் வைத்து விசாரித்தோம், காரணம் தெரியாமல் எனக்கு உறக்கம் வராது என்று உனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரர் விளக்கமாகச் சொன்னார். பழைய பட்டை முனை சார்ஜர் எதைச் சொருகினாலும் கரண்ட் விட்டுவிடுமாம். இரண்டு பக்கமும் ஒரே முனை உள்ள புதுசு அப்படி இல்லை, எதிரே இருப்பது யார் என்று முதலில் கேட்குமாம், பதில் வந்த பிறகுதான் விடுமாம். போனுக்குப் பதில் சொல்லத் தெரியும். இந்த மாதிரிச் சின்னப் பொட்டிகள் சிலவற்றில் பதில் சொல்லும் சாமானை வைக்காமலே விட்டுவிடுகிறார்களாம், அதனால் முனை பொருந்தினாலும் கரண்ட் வராது. கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ணே, சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் கிடைக்காது என்று அவர் சொன்னபோது உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். உன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே வயர் என்பது நல்ல காரியம்தான், இப்போதும் சொல்கிறேன். பழசைக் கழிக்கும் முன் வீட்டில் உள்ள எல்லாச் சாமானையும் ஒரு தடவை சொருகிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். அங்கேயும் அப்படியே செய், முக்கியமாகப் பிள்ளைக்கு வாங்கும் சாமான்களில்.

உடனே போன் போட்டுப் பேரைச் சொல்லுங்கள் என்று அம்மா நச்சரித்தாள். எழுதியதைப் படம் பிடித்தாவது அனுப்புவோம் என்றாள். இரண்டும் வேண்டாம் என்றேன். பேர்ச்சீட்டு காகிதமாகத்தான் போக வேண்டும், அது நம் வீட்டு வழக்கம். உன் பேரை என் அப்பா மணியார்டர் பாரத்தின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு ராத்திரி மாதா படத்தடியில் வைத்திருந்துதான் உன் அம்மா கையில் கொடுத்தார். பெற்றவள்தான் அதை முதலில் வாசிக்க வேண்டும், அவள்தான் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். நானும் முந்தாநாள் திங்கட்கிழமை மாதா பிறந்தநாள் பூசைக்குச் சீட்டைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்து எடுத்துவந்து, அன்று ராத்திரி நம் வீட்டு மாதா படத்தடியில் வைத்தேன். ஏஞ்சல் வந்து சேருவதற்குள் மனம் கேட்காமல் நீங்களே ஒரு பேரை வைத்துவிடாதீர்கள் என்று அம்மா போனில் சொல்லிவிடுவாள், காரணத்தை மட்டும் இதில்தான் தெரிந்துகொள்வீர்கள்.

பொம்பளைப் பிள்ளை என்று எனக்கு ஒரு நாளும் மனக்குறை வந்ததில்லை. பிறந்த சேதியை, ஒர்க்‌ஷாப் இரைச்சலில் கேட்காதென்று எழுதித்தான் காட்டினாள் அம்மா, காட்டிய அன்றே ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். வெட்கத்தில் ஒரு மிஷினை மறைக்கப்போய் பச்சை உடம்புக்காரியை நாலு மாதம் அழவிட்டுவிட்டேன். இதை மட்டும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நம் திராட்சை இந்தத் தடவை சுமாராகத்தான் கொத்து வைத்திருக்கிறது. ஏஞ்சலிடம் இட்லிப் பொடியும் மலைச்சாமி கொடுத்த ஏலக்காயும் இருக்கிறது, கடிதத்தோடு அதையும் கேட்டு வாங்கிக்கொள், அவளைத் திரும்ப அலையவைக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன், அம்மாவைக் கேட்காதே. பிள்ளை அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டாம், அழுதாலும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. மடித்துப் பின் குத்தியிருக்கும் சீட்டு ஜெபராணிக்கு, நீ பிரிக்காதே.

உன் அப்பா
மோ. பங்கிராஸ்

மருமகள் கையில்:

ஆத்தா ஜெபராணி, இந்த மாமனை மன்னித்துக்கொள். என் பேத்தியின் பேர் செசிலி. பாட்டுக்குப் பாதுகாவலியான புனிதையின் பேர், ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட தொண்டைக்கு அதுதான் பொருத்தம். அவள் காதில் மூன்று தடவை சொல்லு ஆத்தா. நாலாவது தடவை போனில் சொல்லு, என் காதிலும் விழட்டும்.