இன்னும் உங்கள் போன் அகலத்தில்

என் பிரியமுள்ள அன்வர் பாய்,

புதுவாயல் ஜங்ஷனில் லாரி அடித்து நீங்கள் போன பிறகு, நம்ம கும்மிடிப்பூண்டி இரும்பாலைக் கண்ட்ரோல் ரூமில் உங்கள் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். வேறு யார் பார்ப்பார்கள் சர்வரை?

போன வாரம், நாம் கமாண்ட் அடிக்கும் டெர்மினல் திடீரென்று ஒடுங்கிப்போனது. அவ்வளவு பெரிய மானிட்டரில் இடது ஓரம் மட்டும் எழுத்து, மிச்சமெல்லாம் புள்ளி புள்ளியாக. உலையின் சூட்டைக் காட்டும் வரி பாதியில் மடங்கி, எண்ணின் முதல் இலக்கம் மேலேயும் மற்றவை கீழேயும் விழுந்தன. ஆபரேட்டர் குமார் கீழ் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சூடு இவ்ளோ கொறஞ்சிக்கீது, ஏத்தட்டா?" என்றான். தொடாதே என்று கத்தினேன். கேட்காமல் ஏற்றியிருந்தால்?

ஜன்னலை இழுத்துப் பார்த்தேன், மூடித் திறந்தேன். அசையவில்லை. அப்புறம்தான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரே செஷனில், அதாவது ஒரே டெர்மினலை இரண்டு இடத்திலிருந்து திறந்து, இரண்டு பேர் இருந்தால், சின்னத் திரை யாருடையதோ அந்த அளவுதான் இருவருக்கும். யார் உள்ளே என்று பார்த்தேன். ஒன்று நான். இன்னொன்று நீங்கள், வீட்டிலிருந்து சர்வரைப் பார்ப்பீர்களே, அந்த போனின் அகலத்தில்.

பழவேற்காட்டில் உங்கள் வீட்டுக்கு, அண்ணிக்கு போன் போட்டேன். "அந்த போனா? ரோட்லயே தூளாப் பூட்சேம்மா" என்றார். மேனேஜர், அது செத்த கனெக்ஷன், வெட்டி விடு என்றார். செத்தது எப்படிப் போன வாரம் வந்ததாம்?

ஒரு கமாண்ட் போதும். விரல் போகவில்லை, பாய். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போதெல்லாம் 'வரேன்' என்று டெர்மினலிலேயே அடிப்பீர்கள். அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று அது சொல்லும், நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு மட்டும் அவசரத்தில் அடிக்காமல் போய்விட்டீர்கள்.

அதனால் உலைக் கணக்கைக் குமாருக்குத் தனி செஷனில் போட்டுக் கொடுத்துவிட்டேன். நம்முடையதில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றினேன்: கடைசியாகக் கீயைத் தொட்டவர் யாரோ, அவர் அளவு. என் திரை உடனே அகலமானது. நீங்களும் உள்ளேயே இருந்தீர்கள்.

இன்று மத்தியானம் கீபோர்டை விட்டுத் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரை ஒடுங்கியது.

பயந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். கர்சர் துடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு எழுத்தும் வரவில்லை. என்ன அடிக்க வந்தீர்கள்?

மெதுவாக அடியுங்கள். நான் கீயைத் தொடவில்லை. அந்த 'வரேன்' விழும்வரை உங்களை வெட்டமாட்டேன், யாரையும் வெட்ட விடமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
ஸ்டெல்லா